ஒரே ஒரு ரூம் வீடு பார்க்கப் போன கதை



நான் வெள்ளகோவிலில் இருக்கும் ஒரு சாதாரண குடும்பத் தலைவி. படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. வீட்டுக்காரர் நாலு விசைத்தறி வைத்து ஓட்டுகிறார். இந்தப் பகுதிக்கு இதற்கு முன் மூன்று சமையல் குறிப்பு எழுதிப் போட்டிருக்கிறேன் (ஒன்று வந்தது!). இந்த முறை எழுதுவது சமையல் சமாச்சாரம் இல்லை. போன வருஷம் கோயமுத்தூர் சிங்காநல்லூரில் ஒரு சிங்கிள் பெட்ரூம் வீடு விலைக்கு வந்தது. அதைப் பார்க்கப் போய் நான் பட்ட பாட்டைச் சொன்னால், வீடு தேடும் யாராவது ஒருத்தருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. எங்கள் ஊரில் 'பிளாட்' என்றால் மனை. கல் நட்டு, கலர் கொடி கட்டி விற்பார்களே, அது. நான் "கோயமுத்தூர்ல பிளாட் வாங்கலாம்னு இருக்கேன்" என்று மாமியாரிடம் சொன்னதும், "எத்தனை சென்ட்டுங் கண்ணு?" என்று சந்தோஷமாகக் கேட்டார். "சென்ட் இல்லீங்கத்தை, மாடியில ஒரு ரூமு, ஒரு ஹாலு" என்றேன். "அட, நம்ம கட்டுத்தரை அதவிடப் பெருசாச்சே. ஒறம்பரை நாலு பேரு வந்தா எங்க படுப்பாங்க?" என்று எழுந்து போய்விட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆசாரம், வாசல், பொடக்காலி என்று புழங்கிய ஆட்கள் நாங்கள்.

ஏன் வாங்க நினைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா காலமான பிறகு, ரோட்டோரம் இருந்த காட்டை அண்ணன் விற்றார். அதற்கு என் கையெழுத்தும் வேண்டும். தமிழ்நாட்டில் 1989லேயே பூர்வீகச் சொத்தில் பெண் பிள்ளைக்கும் பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. 2005ல் நாடு முழுக்க வந்தது. ஆனாலும் எங்கள் பக்கம் 'சீர் செஞ்சாச்சு, நகை போட்டாச்சு' என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதுதான் பழக்கம். அண்ணன் அப்படிச் செய்யவில்லை. "அம்மிணி, 15 லட்சம் உன் பங்குக்கு வெச்சுக்க" என்று கொடுத்தார். கணக்குப் பார்த்தால் சரிபாதி இல்லைதான். ஆனால் கூடப் பிறந்தவரோடு கோர்ட்டுக்குப் போகிற மனசு எனக்கு இல்லை. வாங்கிக்கொண்டேன்.

பணம் வந்த அன்று ராத்திரியே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்காரருக்குப் பழைய தறியைக் கொடுத்துவிட்டுப் புதுசு போட ஆசை. நூல் விலை ஏறினால் கூலி இறங்குகிற தொழில், புதுத் தறி இருந்தால் நிமிரலாம் என்பது அவர் கணக்கு. என் கணக்கு வேறே. மகளுக்குப் பீளமேட்டில் ஒரு காலேஜில் சீட் கிடைத்திருந்தது. நாலு வருஷ ஹாஸ்டல் பணத்தைக் கூட்டிப் பார்த்தாலே தலை சுற்றியது. அம்மாவும் அப்பா போன பிறகு அண்ணன் வீட்டில் ஒரு மூலையில் பேச்சுத் துணை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். பேத்தியும் பாட்டியும் ஒரு வீட்டில் இருந்தால்? அதுவும் என் பேரில் ஒரு வீடு இருந்தால்? இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. நாலு நாள் பேசவில்லை. தறிச் சத்தம் மட்டும்தான் வீட்டில்.

சிங்காநல்லூரை நான் தேடிப் போகவில்லை, எங்கள் ஊர் பஸ்தான் காட்டிக் கொடுத்தது. காங்கேயம், பல்லடம், சூலூர் தாண்டி திருச்சி ரோட்டில் கோவைக்குப் போனால், முதலில் வருகிற பெரிய பஸ் ஸ்டாண்ட் சிங்காநல்லூர். கரூர், திருச்சி பஸ்ஸெல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும். ஏறி உட்கார்ந்தால் இரண்டரை மணி நேரத்தில் நம்ம ஊர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நடுவில் பஸ் மாறாமல் போய் நிற்கலாம். ஊர்ப்பக்கத்துப் பெண்களுக்கு இதைவிடப் பெரிய வசதி என்ன இருக்கிறது?

புரோக்கர் சொன்ன விவரம் இது: தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும், மொத்தம் 12 வீடு. 1998ல் கட்டியது. விலைக்கு வந்த வீடு இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. 620 சதுர அடி, 26 லட்சம். "யூடிஎஸ் நானூறு அடி வருமுங்க்கா" என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த வார்த்தைக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியாது. தெரிந்த மாதிரி தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கார அம்மா ஓய்வு பெற்ற நர்ஸ். தனியாக இருந்தார், மகனோடு பெங்களூருக்குப் போகிறாராம். 'சிஸ்டரம்மா' என்றுதான் அந்தக் கட்டடத்தில் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். கதவைத் திறந்ததும் ஹால் முழுசும் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான் வீடு. வாசல் இல்லையே என்று நான் சுற்றிப் பார்த்ததைக் கவனித்துவிட்டு, கதவுக்கு வெளியே இரண்டு அடி டைல்ஸைக் காட்டினார். அதில் சின்னதாக நாலு புள்ளிக் கோலம். "இருபத்தஞ்சு வருஷமா இதுதாம்மா என் வாசல்" என்று சிரித்தார்.

மகள் தையல் டேப்பைக் கொண்டு வந்திருந்தாள். அளந்தோம். ஹால் பத்துக்குப் பதினாறு. படுக்கை அறை பத்துக்குப் பன்னிரண்டு. சமையல்கட்டு ஏழுக்கு ஒன்பது. குளியலறை நாலுக்கு ஏழு. துணி காயப்போடும் பால்கனி நாலுக்குப் பத்து. கூட்டினால் 411 அடி! 620 எங்கே போயிற்று? புரோக்கரைக் கேட்டால், சுவர், மாடிப்படி, நடை எல்லாவற்றிலும் நம் பங்கைச் சேர்த்துச் சொல்வதுதான் வழக்கம் என்றார். புதுசாகக் கட்டி விற்கிறவர்கள் இப்படிச் சொல்லக் கூடாது, சுவருக்குள்ளே புழங்குகிற இடமான 'கார்ப்பெட் ஏரியா'வைத்தான் சொல்லி விற்க வேண்டும் என்று 2016ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் சொல்கிறது என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். பழைய வீட்டுக்கு நம் டேப்தான் சட்டம். டேப் எடுத்துப் போங்கள், வெட்கப்படாதீர்கள்.

சிஸ்டரம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். "படுக்கை அறைச் சுவரு மேக்க பார்த்தது. சித்திரை, வைகாசியில ராத்திரி ஒன்பது மணிக்கும் கை வெச்சா சுடும். மேல மொட்டை மாடி வேற. நான் வேசகாலத்துல ஹால்லதான் படுப்பேன்" என்றார். விற்கிறவர் வாயிலிருந்து இது வருமா? அப்போதே எனக்கு அந்த வீட்டின் மேல் பாதி மனசு ஒட்டிவிட்டது.

மீதிப் பாதிக்குத்தான் பாடு. ஊருக்கு வந்ததும் எங்களுக்குத் தெரிந்த பத்திர எழுத்தரிடம் போய் 'யூடிஎஸ்' என்றால் என்ன என்று கேட்டேன். மாடி வீட்டுக்குத் தனியாக மண் கிடையாது. கட்டடம் நிற்கிற மொத்த இடத்திலும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. கோடு போட்டுப் பிரிக்க முடியாது, ஆனால் பத்திரத்தில் இத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கும். அதுதான் பிரிபடாத பாகம். "கட்டடம் வருஷா வருஷம் தேயுமுங்க. தேயாதது அந்த மண்ணு மட்டுந்தான். மொதல்ல அதைப் பாருங்க" என்றார்.

சிஸ்டரம்மாவின் பத்திரத்தை நகல் எடுத்துப் படித்தோம். மொத்த இடம் எட்டரை சென்ட். இவர் பங்கு 308 சதுர அடி. புரோக்கர் சொன்ன நானூறு இல்லை. ஒரு சென்ட் 435 சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே, ஆக இது முக்கால் சென்ட்டுக்கும் குறைச்சல். 'காடு வித்த காசுக்கு முக்கால் சென்ட்டா' என்று அன்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

இந்த மண் பங்கு எதற்காகும் என்பதற்கு சிங்காநல்லூரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. உழவர் சந்தைக்குப் பக்கத்தில், 1980களில் வீட்டு வசதி வாரியம் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று உண்டு. 960 வீடு. சுவரும் மேல்தளமும் பெயர்ந்து விழ ஆரம்பித்து, அங்கே இருந்தவர்கள் இடித்துக் கட்டித் தரச் சொல்லி வருஷக்கணக்காகப் போராடினார்கள். பேப்பரில் படித்திருப்பீர்கள். அந்த மாதிரி நேரத்தில் கையில் மிஞ்சுவது மண் பங்குதான். அப்புறம், இடித்துக் கட்ட எல்லா வீட்டுக்காரரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றால் அது நடக்கிற காரியமா? ஒருத்தர் முறுக்கிக்கொண்டால் போச்சு. தமிழ்நாட்டில் 2022ல் இயற்றி 2024ல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டத்தில், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்று ஆகியிருக்கிறது. நான் பார்த்த கட்டடத்தில் 12 வீடு என்றால் 8 வீடு. இதைக் கேட்ட பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரர்கள் யார், எப்படிப்பட்டவர்கள் என்று விசாரிக்கும் புத்தி வந்தது.

பிறகு மூன்று தடவை போனோம். வீட்டுக்குள்ளே போகவில்லை, சுற்றுப்பட்டைப் பார்க்கத்தான். 411 அடி வீட்டில் இருக்கிறவர்கள் பாதி நேரம் வெளியில்தான் இருந்தாக வேண்டும். அதனால் தெருவும் வீட்டில் சேர்த்திதான் என்று தோன்றியது.

ஒரு தடவை காலை ஆறு மணிக்கு. உழவர் சந்தையில் நம்ம பக்கத்து ஆட்கள் மாதிரியே தலையில் துண்டு கட்டிக்கொண்டு காய் விற்கிறார்கள். முருங்கைக்காய் விலையைக் கேட்டு மயக்கமே வந்தது. வெள்ளகோவிலில் ஞாயிற்றுக்கிழமை முருங்கைச் சந்தையில் மூட்டை மூட்டையாகக் கொண்டு வந்து கொட்டுகிற காய் அது! கட்டடத்துப் பெண்கள் குழாயடியில் நின்றிருந்தார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். கோயமுத்தூர் என்றால் சிறுவாணி என்றுதான் நாம் நினைக்கிறோம், இந்தப் பக்கம் வருவது பில்லூர் தண்ணீராம். எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும் என்று கேட்டால் மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள். ஆனால் கீழே தொட்டி பெரிசு, போர் தண்ணீரும் இருக்கிறது, யாரும் குடம் தூக்கி மாடி ஏறவில்லை. அதுவரை திருப்தி.

இன்னொரு தடவை மத்தியானம் மகளோடு போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடை பத்து நிமிஷம். சிங்காநல்லூர் சிக்னலிலிருந்து காமராஜர் ரோடு நேராக ஹோப் காலேஜுக்குப் போகிறது, அங்கிருந்து பீளமேடு பக்கம்தான். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி கிட்டத்திலேயே இருக்கிறது (எங்களுக்கு கார்டு இல்லை, ஆனாலும் ஆஸ்பத்திரி இருக்கிற பக்கத்தில் மருந்துக் கடை ராத்திரியிலும் திறந்திருக்கும்). குளம் ஒன்று உண்டு, நொய்யல் தண்ணீர் வருகிற பெரிய குளம். பறவையெல்லாம் நிறைய வருகிறதென்று 2017ல் பல்லுயிர் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்திருக்கிறார்கள். பறவையோடு கொசுவும் வரும், அதை யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. சாயங்காலம் ஜன்னலைச் சாத்தியே தீர வேண்டும். திருச்சி ரோட்டுச் சத்தமும் உண்டு. தறிக்குப் பக்கத்தில் தூங்கிப் பழகிய எங்களுக்கு அது தாலாட்டு.

சிஸ்டரம்மாதான் பழைய கதையெல்லாம் சொன்னார். சிங்காநல்லூர் 1981 வரைக்கும் தனி நகராட்சி, அப்புறம்தான் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது. சுற்றிலும் பஞ்சாலைகள். மில் சங்கு ஊதினால்தான் உலை வைப்பார்களாம். எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' (1947) எடுத்த சென்ட்ரல் ஸ்டுடியோவும் இந்தப் பக்கம்தான் இருந்ததாம். என் அம்மாவுக்கு வீட்டைப் பற்றிச் சொன்ன எதுவும் ஏறவில்லை. இதைச் சொன்னதும், "அப்படியா சாமி? வாத்தியார் நடந்த ஊரா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்!

மூன்றாவது தடவை நான் போகவில்லை. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரர், "நூல் விஷயமாப் பல்லடம் வரைக்கும் போயிட்டு வரேன்" என்று கிளம்பினார். ராத்திரி சாப்பாட்டுக்கு வரவில்லை. விடிகாலை மூன்று மணிக்கு வந்து கதவைத் தட்டினார். பதறிப்போய் என்னங்க என்று கேட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு, "பத்தரை மணிக்கும் தெரு லைட்டெல்லாம் எரியுது புள்ள. முக்குல ஒரு பேக்கரி பதினொண்ணு வரைக்கும் தொறந்திருக்குது. பொம்பளப் புள்ளைங்க டியூட்டி முடிஞ்சு நடந்து வருதுங்க. ஒரு வம்பும் இல்ல" என்றார். பஸ் ஸ்டாண்டுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் மூன்று தடவை நடந்து பார்த்தாராம். தறியைப் பற்றி அதற்கப்புறம் அவர் பேசவில்லை. எனக்குத்தான் அந்தப் புதுத் தறி இன்னமும் மனசில் உறுத்துகிறது.

மண் பங்கு குறைவு என்பதைச் சொல்லி விலை பேசினோம். 26 லட்சம் 24 ஆனது. 24 லட்சத்தை 620ஆல் வகுத்தால் அடி 3,870 ரூபாய், 411ஆல் வகுத்தால் அடி 5,840 ரூபாய் என்று மகள் எழுதிக் காட்டினாள். அண்ணன் கொடுத்த 15 போக, நகை விற்றது கொஞ்சம், மீதிக்கு பாங்க் கடன்.

அட்வான்ஸ் கொடுக்கப் போன சமயத்தில்தான் அடுத்த இடி. பத்திர எழுத்தர் வில்லங்கம் பார்த்தார். இப்போதெல்லாம் பதிவுத்துறை இணையதளத்தில் நாமே காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம், என் மகள் செல்போனிலேயே எடுத்தாள். அதில் 2013ல் இந்த வீட்டின் பத்திரத்தை ஒரு வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கியதாகப் பதிவு இருந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. சிஸ்டரம்மாவுக்கோ முகமே வெளுத்துவிட்டது. மகன் படிப்புக்கு வாங்கிய கடனாம், 2019லேயே கட்டி முடித்து அசல் பத்திரத்தையும் வாங்கி வந்துவிட்டார். ஆனால் கடன் தீர்ந்தது என்று ரசீது ஆவணம் ஒன்றைப் பதிவு செய்தால்தான் வில்லங்கத்தில் அது தீர்ந்ததாகக் காட்டும். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதற்குக் கடிதம் வாங்க இந்த அறுபத்தைந்து வயசு அம்மா மூன்று வாரம் அந்த வங்கிக்கு நடந்தார். இரண்டு நாள் நானும் கூடப் போனேன். கடன் கட்டி முடித்த சகோதரிகள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டு வில்லங்கத்தை இன்றைக்கே ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

பதிவுச் செலவும் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே ஒருத்தர் குடியிருந்த வீட்டை வாங்கினால் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 24 லட்சத்துக்கு 2 லட்சத்து 16 ஆயிரம். கட்டுகிறவரிடமே நேராகப் புது வீடு வாங்கினால், 50 லட்சம் வரைக்கும் முத்திரைத்தாள் 4 சதவீதம்தான். 2023 டிசம்பரிலிருந்து இப்படி. அது தெரிந்திருந்தால் புதுசு தேடியிருப்பேனோ என்னவோ, ஆனால் எங்கள் பணத்துக்குப் புதுசு ஊருக்கு வெளியே எங்கேயோ போய்விடும். பெண்கள் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைப்பு என்று 2025 ஏப்ரலில் இருந்து சலுகை வந்திருக்கிறது. பத்து லட்சம் வரைக்கும் உள்ள சொத்துக்குத்தான் அது. எனக்கு உதவவில்லை. ஊர்ப்பக்கம் சின்ன மனை வாங்குகிறவர்களுக்கு உதவும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வழக்கமாக யாருக்கோ மனைவி, யாருக்கோ மகள் என்று பின்னால் நின்று கையெழுத்துப் போட்டே பழக்கம். அன்றைக்கு வாங்குபவர் என்ற இடத்தில் நான். கட்டை விரலை மிஷினில் வைக்கச் சொன்னபோது வேர்வையில் இரண்டு தடவை பதியவே இல்லை. வீட்டுக்காரர் தன் வேட்டி நுனியால் என் விரலைத் துடைத்துவிட்டார். அண்ணன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அம்மாவும் மகளும் அங்கே இருக்கிறார்கள். குறை இல்லாமல் இல்லை. சித்திரையில் சிஸ்டரம்மா சொன்ன மாதிரியே சுவர் சுட்டது, அம்மா ஈரத்துணியைச் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்தார், பிறகு ஹாலுக்கே படுக்கையை மாற்றிவிட்டார். மாடி ஏறினால் முழங்கால் வலிக்கிறது என்கிறார். மாமியார் ஒரு தடவை வந்து தங்கிவிட்டு, "சோத்துக் கரண்டிய எட்டி எடுக்கறதுக்குள்ள வீடே முடிஞ்சு போச்சு" என்றார். ஆனால் நாலு நாள் இருந்துவிட்டுத்தான் வந்தார். கதவுக்கு வெளியே அந்த இரண்டு அடியில் இப்போது கோலம் போடுவது அம்மா. எதிர்வீட்டுக் கதவு வரைக்கும் இழுத்துவிடுகிறாராம், அங்கே இருக்கிற பெண் ஒன்றும் சொல்வதில்லை, தானும் இரண்டு புள்ளி சேர்த்து வைக்கிறாளாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சந்தையில் முருங்கைக்காய் மலிவு. இரண்டு கட்டு எடுத்து வைத்திருக்கிறேன், காலை பஸ்ஸுக்குக் கொண்டு போக வேண்டும். ஒரு கட்டு அம்மாவுக்கு, ஒன்று கீழ்வீட்டு அம்மா கேட்டது.

- ஒரு வாசகி, வெள்ளகோவில்